இதோ, இங்கே இருக்கிறேன்

டெலிபோன் மேஜையை விட்டு நகராமல் இருந்த காலத்தில் நாம் மனிதர்களைக் கூப்பிட்டதில்லை; வீடுகளைக் கூப்பிட்டோம், கடைகளைக் கூப்பிட்டோம், ஆபீஸ்களைக் கூப்பிட்டோம். மணி அடித்ததும் எடுத்து, "யார் பேசுவது?" என்று கேட்பதுதான் வழக்கம். எடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. இப்போது டெலிபோன் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. பேசுவது யார் என்பது மணி அடிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. ஆகவே முதல் கேள்வி மாறிவிட்டது. "எங்கே இருக்கே?" என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர், "பாதி வழி வந்தாச்சு" என்கிறார். கடன் கொடுத்தவன் கூப்பிட்டால், உள்ளூர்க்காரர் வெளியூருக்குப் போய்விடுகிறார். மற்ற விஷயங்களில் பொய்க்கு அஞ்சுகிற யோக்கியர்கள்கூட, தாம் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லும் பொய்யைப் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிப்பட்ட உலகத்தில், யாரும் கேட்காமலே, சில நிமிஷங்களுக்கு ஒரு முறை, "இதோ, நான் இங்கே இருக்கிறேன்" என்று உள்ளதை உள்ளபடி ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள். ஹாம் என்று செல்லமாக அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களைத்தான் சொல்லுகிறேன். காசு சம்பாதிப்பதற்காக இல்லாமல், ஆசைக்காக, சர்க்கார் வைக்கும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்த ரேடியோவில் ஒலிபரப்புகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக்குறி உண்டு. உலகத்தில் இருவருக்கு ஒரே குறி கிடையாது.

இவர்களுடைய இந்த ஏற்பாட்டுக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்று பெயர். இதை உருவாக்கியவர் பாப் புருனிங்கா என்ற அமெரிக்க எஞ்சினியர். அனாபொலிஸ் நகரத்துக் கடற்படைக் கல்லூரியில் பணிபுரிந்தவர். 1982-இல், கடற்படைக் கப்பல்கள் தெரிவிக்கும் இருப்பிடங்களை ஒரு படத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துக் காட்ட ஓர் ஆப்பிள் கம்ப்யூட்டரில் அவர் வழி செய்தார். 1984-இல் நூறு மைல் குதிரை ஓட்டம் ஒன்றில், எந்தக் குதிரை எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிவிப்பதற்கு அதையே விக்-20 என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி திருத்தி எழுதினார். பிற்பாடு ஜி.பி.எஸ். கருவி சாதாரண மனிதர் கைக்கும் எட்டியபோது, இந்த ஏற்பாடு வேகமாகப் பரவிற்று.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. காரில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கண்டு சொல்லுகிறது. அதோடு ஹாமின் அழைப்புக்குறியையும் சேர்த்து ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி ரேடியோ ஒலிபரப்புகிறது. காதுக்கு அது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் கரகரப்பு, அவ்வளவுதான். வட அமெரிக்கா முழுவதும் இதற்கு 144.39 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை, ஐரோப்பாவில் 144.8. குன்றுகளின் மேலும் உயர்ந்த கட்டடங்களின் மேலும் ஹாம்கள் வைத்திருக்கும் நிலையங்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்லும். இந்தக் குன்று சொன்னதை அந்தக் குன்று மறுபடி சொல்லும். கேட்கிறவர்களுடைய திரையில், தேசப்படத்தின் மேல் ஒரு சிறு கார் நகரும்.

இதில் என் மனத்தைக் கவர்ந்தது, அந்தப் பொட்டலம் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்பதுதான். டெலிபோனில் எதிர்முனையில் ஒருவர் எடுத்தால்தான் பேச்சு. இங்கே யாரோ ஒருவர் கேட்டாலும் சரி, யாருமே கேட்காவிட்டாலும் சரி, சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கோயில் மணி அடிக்கிறவன் எத்தனை காதுகளில் விழுந்தது என்று எண்ணிக்கொண்டா இருக்கிறான்?

ஒரே அலைவரிசை என்றேன் அல்லவா? அதனால் இதில் ஓர் ஒழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் சொல்லும் வீணாகிவிடும். ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒருவரே வாளியை விட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் குடத்தோடு நிற்கவேண்டியதுதான். ஆகையால், வீட்டில் சும்மா நிற்கும் நிலையம் அடிக்கடி வாய் திறக்கக்கூடாது. நேரே போகும் கார் எப்போதாவது சொன்னால் போதும். திரும்பும்போது உடனே சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு குன்றுகள் திருப்பிச் சொன்னால் போதும் என்ற இடத்தில் ஏழு குன்றுகளைச் சொல்லச் சொல்வது மரியாதைக் குறைவு. மாற்றம் ஏற்படும்போது பேசு, இல்லாதபோது மற்றவருக்கு வழிவிடு என்ற இந்த விதியை நமது பொதுக்கூட்டப் பேச்சாளர்களும் கொஞ்சம் கடைப்பிடிக்கலாம்.

இதையெல்லாம் என் வக்கீல் நண்பர் ஒருவரிடம் ஒரு நாள் மாலை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"என்ன ஸார் தம்பட்டம் இது? நான் இங்கே இருக்கேன், நான் இங்கே இருக்கேன்னு. எவனுக்கு என்ன கவலை? போதாததுக்கு ஆபத்து வேறே. நான் ஊரில் இல்லேன்னு நானே திருடனுக்குத் தபால் எழுதிப் போடறதா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஹாம் லைசென்ஸ் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து கிடப்பது. அழைப்புக்குறி தெரிந்தால் லைசென்ஸ்காரரின் பெயரும் தபால் விலாசமும் தெரிந்துவிடும். அந்தக் குறி நூறு மைலுக்கு அப்பால் நகர்ந்துகொண்டிருந்தால், வீட்டில் ஆள் இல்லை என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. செய்தியை மறைத்து, சங்கேத பாஷையில் அனுப்பலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பொருளை மறைக்கும் நோக்கத்தோடு செய்தியைச் சங்கேதமாக்குவதை அந்நாட்டு விதிகள் ஹாம்களுக்குத் தடை செய்கின்றன. ஆகாயம் பொதுச்சொத்து; அதை இலவசமாகப் பயன்படுத்துகிறவன் ஊர் அறியத்தான் பேசவேண்டும் என்ற கொள்கை போலும்.

"அது சரி, உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதே, அது என்ன செய்கிறது?" என்று நண்பரைக் கேட்டேன்.

"இது என்ன செய்யும்? நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையே!"

அவர் சொல்லவில்லை; வாஸ்தவம். அவருடைய பை சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் கோபுரத்தின் அருகில் இருக்கிறார் என்பது டெலிபோன் கம்பெனிக்குத் தெரிந்தாகவேண்டும். இல்லாவிட்டால் மணி அடிக்காது. அது போக, வாடகைக் கார் கூப்பிடவும், சாப்பாடு வரவழைக்கவும், வழி பார்க்கவும், பொழுதைப் போக்கவும் என்று அவர் சேர்த்து வைத்திருந்தவற்றில் எத்தனைக்கு, "இருப்பிடத்தைத் தெரிவிக்கச் சம்மதம்" என்று கையெழுத்துக்குச் சமமான விரல்தொடுப்பைக் கொடுத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஐம்பது பக்கக் குத்தகைப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கும் வக்கீல் அவர்!

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஹாம் தன் இடத்தை எல்லோரிடமும் சொல்லுகிறான். சொல்லுகிறோம் என்று தெரிந்து சொல்லுகிறான். வேண்டாம் என்றால் ஒரு விசையைத் திருப்பி நிறுத்திக்கொள்கிறான். அவன் சொன்னதைக் கேட்பவர்களும் அவனைப் போன்ற சாமானியர்கள். அவன் அவர்களைக் கேட்பது போல அவர்கள் அவனைக் கேட்கிறார்கள். என் நண்பர் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று நம்புகிறார். ஆனால் அவருடைய நடமாட்டத்தை அவர் முகம் அறியாத சிலர் குறித்துவைக்கிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியாது. வாசலில் தானே விளக்கேற்றி வைப்பதற்கும், இருட்டில் நடக்கிறவன் முகத்தில் எவனோ டார்ச் அடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டிலும் முகம் தெரிகிறது என்னவோ உண்மை. ஒன்று கொடுப்பது, மற்றது எடுத்துக்கொள்வது.

ஆனால் ஹாமுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அவனுடைய கார் தன் இடத்தைச் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் இடத்தையும் அல்லவா சேர்த்துச் சொல்லுகிறது? அவன் எந்த நண்பன் வீட்டு வாசலில் எத்தனை மணி நேரம் நின்றான் என்பது அந்த நண்பனைப் பற்றிய செய்தியும்தானே? பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவன் அவன் ஒருவன்தான். என் சொந்த இடம் என்று நான் நினைப்பதில் எப்போதும் இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அதை நான் தானம் செய்ய எனக்கு எவ்வளவு உரிமை உண்டு? தன் உரிமை எங்கே முடிகிறது என்பதைத் தானே பார்த்து நிற்கவேண்டிய இடம் இது. இதற்குச் சட்டம் உதவாது.

இந்தச் சங்கடத்துக்கு ஏ.பி.ஆர்.எஸ். விதிகளிலேயே ஓர் அழகான பரிகாரம் இருக்கிறது. இருப்பிடத்தை பாகை, கலை, கலையில் நூறில் ஒரு பங்கு என்று இலக்கங்களில் எழுதுகிறார்கள். பூகோள சாஸ்திரத்தில் அட்சரேகையின் ஒரு கலை என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். தன் இடத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல விரும்பாதவன், கடைசி இலக்கத்தை எழுதாமல் வெற்றிடமாக விட்டுவிடலாம். அப்போது சுமார் 185 மீட்டர் அளவுக்கு மட்டும் இடம் தெரியும். இரண்டு இலக்கங்களை விட்டால் 1.85 கிலோமீட்டர். மூன்றை விட்டால் 18 கிலோமீட்டருக்கு மேல். நான்கையும் விட்டால் ஒரு முழுப் பாகை. அதாவது 111 கிலோமீட்டர். "இந்தத் தெருவில் இருக்கிறேன்" என்பது, "இந்த ஊரில் இருக்கிறேன்" ஆகி, "இந்த ஜில்லாவில் இருக்கிறேன்" என்று விரிகிறது. கேட்பவனுடைய கருவிக்கும் இலக்கம் விடுபட்டிருப்பது தெரியும்; ஆகவே அவன் ஏமாறுவதில்லை. இவனும் பொய் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1983 செப்டம்பர் முதல் தேதி, தென்கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் புகுந்துவிட்டது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 உயிர்கள் போயின. தான் இருக்கும் இடம் தெரியாததற்கு அவ்வளவு பெரிய விலை. அதன் பிறகுதான், ஜி.பி.எஸ். ஏற்பாடு முடிந்ததும் அதைப் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். ஆனால் ராணுவத்துக்கு ஒரு கணக்கு, ஜனங்களுக்கு ஒரு கணக்கு என்று வைத்தார்கள். ஜனங்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். கருவி கடைசி இலக்கம் வரை காட்டும்; காட்டிய இடமோ நூறு மீட்டர் வரை தள்ளியிருக்கும். 2000-ஆவது ஆண்டு மே மாதத்தில்தான் ஜனாதிபதி கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தச் செய்தார். கலப்பதை ஒளித்துச் செய்யவில்லை, எல்லோருக்கும் தெரிந்தேதான் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். இருந்தாலும், ஒரு முறை இலக்கத்தை மாற்றிக் காட்டுகிறது. இன்னொரு முறை இலக்கத்தைச் சொல்லாமல் விடுகிறது. மௌனத்துக்கும் பொய்க்கும் உள்ள தூரத்தை இவ்வளவு தெளிவாக அளந்து காட்டிய வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாம் அந்தரங்கம் என்று சொல்லுவது, கதவை இழுத்துப் பூட்டிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு திறப்பது, யாருக்குத் திறப்பது என்று தீர்மானிக்கும் உரிமைதான் அந்தரங்கம் என்பது என் கட்சி. பெற்ற தாய் கேட்டால் கடைசி இலக்கம் வரை சொல்லலாம். வேலை தரும் முதலாளிக்கு, வேலை நேரத்தில், ஊர்ப் பெயர் போதும். கடைத்தெரு வியாபாரிக்கு அதுவும் வேண்டாம். பாதி வழியில் இருக்கிறேன் என்று பொய் சொல்லுகிறவனுக்கும், "இன்னும் கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விடுகிறவனுக்கும் ஒரே பெயர் வைத்துவிடக் கூடாது.

இனி, கேட்கிறவனைப் பற்றிப் பார்க்கலாம். சொல்லுகிறவனுக்கு இவ்வளவு தர்மம் இருந்தால், கேட்கிறவனுக்கு ஒன்றும் இல்லையா?

குன்றின் மேல் இருக்கும் நிலையம் சொன்னதை அந்த வட்டாரத்து ஹாம்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வரையில், அது ஒரு கிராமத்துத் திண்ணைப் பேச்சுப் போல இருந்தது. காற்றில் வந்தது காற்றோடு போயிற்று. பிறகு இன்டர்நெட் வந்தது. வட்டாரத்தில் கேட்டதை இன்டர்நெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலையங்களை ஹாம்களே அமைத்தார்கள். இப்போது ஒரு குறியின் இன்றைய ஓட்டத்தோடு பழைய ஓட்டத்தையும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், லைசென்ஸ் இல்லாதவர்கூடப் பார்க்கலாம். சொன்னவன் அதே சொல்லைத்தான் சொன்னான். ஆனால் கேட்பவர்களின் கூட்டமும், கேட்டதை வைத்துக்கொள்ளும் காலமும் மாறிவிட்டன. ஒரு சொல்லின் தர்மம் சொல்லில் மட்டும் இல்லை, அது எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் போகிறது என்பதிலும் இருக்கிறது.

இதற்கும் ஒரு வழி உண்டு. பொட்டலத்தின் தலைப்பில், "ரேடியோவோடு நிற்கட்டும், இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்று பொருள்படும் ஒரு குறிச்சொல்லைச் சேர்க்கலாம். ஒழுங்காக அமைந்த நிலையங்கள் அதை மதிக்கும். மதிக்காவிட்டால் செய்தியே போகாதபடி அதில் பூட்டு ஒன்றும் கிடையாது. அது ஒரு வேண்டுகோள்தான். "இதை வெளியே சொல்லாதே" என்று நண்பனிடம் சொல்லும்போது நம்மிடம் மட்டும் என்ன பூட்டு இருக்கிறது?

ரகசியத்தைக் காப்பது கேட்கிறவனின் கடமைகளில் ஒரு பாதிதான். மறு பாதி, காது கொடுப்பது. 2004 டிசம்பரில், இந்திய ஹாம்கள் சிலர் பொழுதுபோக்காக, அனுமதி பெற்று, அந்தமானின் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தீவுகளின் தொடர்புகள் அறுந்துபோன அந்த நாட்களில், விளையாட்டாகக் கொண்டுபோன ரேடியோ, யார் எங்கே பிழைத்திருக்கிறார்கள் என்ற செய்தியைச் சுமந்தது. அது வாய்ப்பேச்சுதான், கம்ப்யூட்டர் பொட்டலம் இல்லை. ஆனாலும் செய்தி ஒன்றே: "இங்கே இருக்கிறார்." உற்றாரைத் தேடித் தவித்தவனுக்கு அந்த இரண்டு சொற்களுக்கு மேல் என்ன வேண்டும்?

கேட்காமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பிரதேசத்து ஆர்வலர்கள் சிலர் சூரிய வெளிச்சத்தில் இயங்கும் சின்ன ரேடியோவைக் கட்டி ஒரு சிறு பலூனைப் பறக்கவிட்டார்கள். அழைப்புக்குறியோடு தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே அது உலகத்தைச் சில முறை சுற்றி வந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று அலாஸ்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருந்து கடைசியாகப் பேசிற்று. மறுநாள், கனடாவின் யூக்கான் பகுதியில், இன்னதென்று தெரியாத ஒரு பொருளை அமெரிக்கப் போர் விமானம் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தியது. சிதைவுகள் அகப்படவில்லை, தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். விழுந்தது இந்தப் பலூன்தான் என்று எவரும் அதிகாரபூர்வமாக உறுதிசெய்யவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி இருக்கலாம் என்று பலர் ஐயுற்றார்கள். அந்த ஐயமே போதும், யோசிப்பதற்கு. "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்று ஒன்று ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த அலைவரிசையில் காது வைக்காதவனுக்கு அது மர்மப் பொருளாகவே இருக்கும். பயந்தவன் கையில் ஆயுதமும் இருந்துவிட்டால் கேட்கவேண்டியதில்லை.

புருனிங்கா 2022-இல் காலமானார். தாம் செய்தது வண்டிகளைப் பின்தொடரும் கருவி என்று மற்றவர்கள் நினைத்தது அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. பெயரில் முதலில் இருப்பிடம் என்ற பொருளில் நின்ற எழுத்துக்குப் பிற்பாடு பொட்டலம் என்று பொருள் கொண்டார். ஒரு வட்டாரத்தில் இருப்பவர்கள் தங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளவேண்டும்; இருப்பிடம் அதில் ஒரு பகுதி. இருவழிப் பேச்சு என்பதே அவருடைய வற்புறுத்தல். அவர் பிடிவாதத்தின் நியாயம் எனக்கு இப்போது விளங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேவு. இரண்டு பக்கமும் தெரிந்தால் அது அண்டை வீட்டு உறவு.

ஆகவே, "எங்கே இருக்கிறாய்?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லுமுன் நமக்கும் ஒன்று கேட்க உரிமை உண்டு: "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? நான் சொன்னால் வருவீர்களா?" என் வக்கீல் நண்பரிடம் இதைச் சொன்னபோது, சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றார். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.